சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுக் கூட்டங்களில் அம்மாமார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் போதைக்கு அடிமையாயிட்டான், போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்தா திருந்துவானா?" அமெரிக்காவில் இதே கேள்வியை நீதிபதிகளே ஒரு காலத்தில் கேட்டார்கள். அவர்கள் கண்ட வழியைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1980களில் மயாமி நகரத்தில் கிராக் கொக்கெய்ன் என்ற போதைப்பொருள் தலைவிரித்து ஆடியது. பிடிபட்டவர்களால் சிறை நிரம்பி வழிந்தது. தண்டனை முடிந்து வெளியே வந்தவர் மறுபடி போதை, மறுபடி திருட்டு, மறுபடி சிறை என்று செக்குமாடு மாதிரி சுற்றினார். நோயை அப்படியே விட்டுவிட்டு ஆளை மட்டும் பூட்டி வைத்தால் என்ன பயன்?

அதனால் 1989இல் அங்கே முதல் போதை சிகிச்சை நீதிமன்றம் தொடங்கியது. ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் என்பவர் அதன் நீதிபதி. அப்போது அங்கே அரசு வழக்கறிஞராக இருந்து இதற்கு ஆதரவு கொடுத்தவர் ஒரு பெண், ஜேனட் ரெனோ. 1993இல் அமெரிக்காவின் முதல் பெண் அட்டர்னி ஜெனரல் ஆனவர் இவர்தான். இன்று அந்த நாட்டில் இப்படிப்பட்ட சிகிச்சை நீதிமன்றங்கள் 3,000க்கும் மேல் இருக்கின்றன.

இது எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். நம்ம குழு மாதிரின்னு நினைச்சுக்கிட்டா சுலபமாப் புரியும். முதலில், சேருவது அவரவர் சம்மதம். சேர்ந்தால் சிகிச்சைக்குப் போக வேண்டும், அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனைக்கு வர வேண்டும், குறித்த நாளில் நீதிபதி முன் நேரில் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் அடிக்கடி, போகப் போக இடைவெளி கூடும். பெரும்பாலும் 12 முதல் 18 மாதம் வரை ஆகும். நீதிபதி, இரு தரப்பு வழக்கறிஞர்கள், கண்காணிப்பு அதிகாரி, சிகிச்சையாளர் எல்லோரும் ஒரே குழுவாக உட்கார்ந்து பேசுகிறார்கள்.

ஒழுங்காக இருப்பவரை நீதிபதி பெயர் சொல்லிப் பாராட்டுவார். கூடியிருப்பவர்கள் கை தட்டுவார்கள். வராமல் போனால், பொய் சொன்னால் எச்சரிக்கை, சமூக சேவை, சில சமயம் சில நாள் சிறை என்று படிப்படியாகத் தண்டனை வரும். கால இடைவெளி விடாமல் உடனுக்குடன் வரும். முழுசா முடிச்சவருக்கு வழக்கு தள்ளுபடியாகும், அல்லது தண்டனை குறையும். முடிக்காதவர் பழைய வழக்கைச் சந்தித்தே ஆகணும்.

பலன் உண்டா? பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் ஒரு அறிக்கை வந்தது. சாதாரண வழியில் போனவர்களில் 100க்கு 50 பேர் மறுபடி குற்றம் செய்தால், இந்த நீதிமன்றத்தில் சேர்ந்தவர்களில் 38 பேர்தான் செய்கிறார்கள் என்பது அதன் கணக்கு. எல்லோரும் திருந்திவிடவில்லை. ஆனால் அந்த 12 பேரும் ஒவ்வொரு தாய் பெற்ற பிள்ளை இல்லையா? குறை சொல்பவர்களும் உண்டு. நோய் திரும்பியதற்காக ஒருவரைச் சிறையில் போடலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

நம்ம நாட்டில் மயாமி மாதிரி நீதிமன்றம் இல்லை. போதைப்பொருள் வழக்குக்கான சிறப்பு நீதிமன்றங்கள் வழக்கை விசாரித்துத் தீர்ப்பு சொல்பவை. ஆனால் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. அதன் 64ஏ பிரிவின்படி, போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்திலோ, சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்திலோ சிக்கிய அடிமை நோயாளி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். 39ஆம் பிரிவின்படி, இதே மாதிரி குற்றம் நிரூபணம் ஆன பிறகும், அவர் சம்மதித்தால், நீதிமன்றம் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். மூட்டை மூட்டையாக விற்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

சகோதரிகளே, பல குடும்பங்களுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. அவமானத்துக்குப் பயந்து மறைக்கிறோம். கந்து வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறோம். பிள்ளை பிடிபட்டால் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிறோம்.

ஆகவே மூன்று வேலை சொல்கிறேன். ஒன்று, பிடிபடும் வரை காத்திருக்காதீர்கள். போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற எண்ணில் பேசுங்கள். இரண்டு, வழக்கு வந்துவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், எண் 15100. காவலில் இருப்பவருக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். பெண்களுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசம். 64ஏ பிரிவு பற்றி அங்கே நீங்களே வாய் விட்டுக் கேளுங்கள். மூன்று, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்த்து "குடிகாரன், கஞ்சாக்காரன்" என்று பட்டப்பெயர் சொல்வதை நம்ம தெருவிலாவது நிறுத்துவோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.