டொலரும் மருந்துச் சீட்டும்

(தம்புள்ளையில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேசினால் நீரிழிவு பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஒரு பொருளியல் பேராசிரியையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் கீதா கோபிநாத்.

1971இல் கொல்கத்தாவில் பிறந்து மைசூரில் வளர்ந்தவர். டெல்லியில் படித்து, 2001இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சிக்காகோவிலும், 2005 முதல் ஹார்வர்டிலும் கற்பித்தார். நாணயமாற்று வீதமே அவருடைய ஆய்வின் மையம்.

ஒரு நாட்டின் நாணயம் விழுந்தால் அதன் ஏற்றுமதி மலிந்து பெருகும் என்பது பழைய பாடம். அவரும் சக ஆய்வாளர்களும் வர்த்தகத் தரவுகளை ஆராய்ந்து, 2020இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொன்றைக் காட்டினார்கள். வாங்குபவரும் விற்பவரும் எந்த நாட்டவராயினும் விலை பெரும்பாலும் டொலரிலேயே குறிக்கப்படுகிறது. ஆகவே ரூபா விழுந்தாலும் நாம் தைக்கும் ஆடை வெளிநாட்டில் உடனே மலிவதில்லை. இறக்குமதியின் விலையோ உடனே ஏறிவிடுகிறது.

இரண்டு வருடங்களில் அதை நாமே அனுபவித்தோம். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இங்குள்ள பொருளாதார மத்திய நிலையத்தில் இந்திய வெங்காயத்தின் விலையும் ஏறியது. வெங்காயத்தைக் குறைத்துக் கறி வைக்கலாம். மருந்து அப்படியல்ல. எமது மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. அயலில் உள்ள இந்தியாவிலிருந்து வருவதற்கும் பெரும்பாலும் டொலரே வேண்டும். நான் சீட்டு எழுதினேன். நோயாளிகள் கடை கடையாக அலைந்து வெறுங்கையுடன் திரும்பினார்கள். “பாதிக் குளிசை போட்டால் போதுமா, டொக்டர்?” என்று கேட்டவர்கள் பலர்.

கீதா கோபிநாத் 2019இல் சர்வதேச நாணய நிதியத்தின் முதற் பெண் தலைமைப் பொருளியலாளரானார். 2022இல் அதன் முதலாவது பிரதி முகாமைத்துவப் பணிப்பாளரானார். 2023 மார்ச்சில் இலங்கைக்குச் சுமார் 300 கோடி டொலர் கடன் திட்டத்தை நிதியம் அங்கீகரித்தபோது அப்பதவியில் இருந்தவர் அவரே. 2025 ஜூனில் கொழும்புக்கும் வந்தார். அதே ஆண்டு மீண்டும் ஹார்வர்டுக்குத் திரும்பினார்.

எமது வீடுகளில் ஒரு கணக்கு உண்டு: கெட்டிக்காரப் பிள்ளைக்கு உயிரியல், அல்லது கணிதம், புள்ளி குறைந்தால் வர்த்தகம். நோயாளியின் கைக்கு மருந்து வந்து சேர வைத்தியர் மட்டும் போதாது என்பதை 2022 எனக்குக் கற்பித்தது. உயர்தரத்தில் பொருளியல் படிக்கப் போவதாக உங்கள் மகள் சொன்னால், “ஏன், பயோ செய்ய ஏலாதா?” என்று கேட்காதீர்கள். எமது சங்கம் இந்த நூற்றாண்டில் வழங்கும் புலமைப்பரிசில்களில் ஒன்றையேனும் பொருளியல் கற்கும் மாணவிக்கு ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.