வெள்ளம் வடிந்த பிறகு: மனு எழுதிக் கொடுப்பதும் ஓர் அமானிதம்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப தினத்தில் சமூகநலப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



  

சமூகநலப் பிரிவின் ஐம்பதாண்டுச் சேவையைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டுகளையும் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாது. ஆகவே ஒரே ஒரு பணியைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அது மேடையில் பாராட்டப்படாத பணி. பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்க உதவிக்கான மனுவை எழுதிக் கொடுப்பதும், மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய உடனிருப்பதும்தான் அந்தப் பணி.

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை தொடங்கிய மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மாதம் முழுவதும் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கி, மக்கள் மாடியிலும் கூரையிலும் நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். கிள்ளான், உலு லங்காட் பகுதிகளிலும் இதே துயரம்தான்.

அந்த முதல் வாரத்தில் நம் சங்கம் செய்ததை நீங்கள் அறிவீர்கள். அண்டா அண்டாவாகச் சோறு ஆக்கினோம். பாய், தலையணை, கைலி, குழந்தைகளுக்குப் பால் மாவு என்று வேன் வேனாக அனுப்பினோம். நம் உணவகக்காரர்கள் அடுப்பை அணைக்கவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அது நமக்குக் கைவந்த வேலை.

ஆனால் பத்தாம் நாள் வேறொரு தேவை எழுந்தது. அதற்கு நாம் தயாராக இல்லை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

வெள்ளம் வடிந்ததும் அரசாங்கம் உதவிகளை அறிவித்தது. ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும் ‘வாங் இஹ்சான்’ என்ற பெயரில் 1,000 வெள்ளி. சிலாங்கூர் மாநில அரசின் ‘சிலாங்கூர் பங்கிட்’ திட்டத்தில் மேலும் 1,000 வெள்ளி. உயிரிழந்தவர்களின் வாரிசுகளுக்கு 10,000 வெள்ளி. டிசம்பர் 29ஆம் தேதி அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி 140 கோடி வெள்ளித் திட்டத்தை அறிவித்தார். வீட்டுச் சாமான் வாங்க 2,500 வெள்ளி, மின்சாதனம் வாங்க 500 வெள்ளிப் பற்றுச்சீட்டு, வீடு பழுதுபார்க்க உதவி என்று அது விரிந்தது.

அறிவிப்பு வந்துவிட்டது. ஆனால் அறிவிப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் இடையில் ஒரு பாரம் இருக்கிறது. அந்தப் பாரத்தை நிரப்புவதற்கு அடையாள அட்டை வேண்டும், வங்கிக் கணக்கு எண் வேண்டும், வீட்டு முகவரிக்கு ஆதாரம் வேண்டும். அவை எல்லாம் இருந்த அலமாரிதான் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

அந்த மாதங்களில் நாங்கள் அருகிலிருந்து பார்த்த மனுக்களில் பெரும்பாலான சிக்கல்கள் மூன்று முடிச்சுகளில்தான் விழுந்தன.

முதல் முடிச்சு, முகவரி. நம்மில் பலர் பினாங்கிலோ ஈப்போவிலோ பிறந்து, பிழைப்புக்காகச் சிலாங்கூர் வந்தவர்கள். இருபது ஆண்டுகள் வாடகைக்கு இருந்தாலும் மைகார்டில் ஊர் முகவரியை மாற்றியிருக்க மாட்டோம். மின்கட்டண பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். வாடகை ஒப்பந்தம் வாய்ச்சொல்லாக இருக்கும். அப்படியிருக்க, இந்த வீட்டில்தான் நாம் இருந்தோம் என்று எதைக் காட்டுவது?

இரண்டாவது முடிச்சு, பெயர். இது நம் சமுதாயத்துக்கே உரிய தலைவலி. அடையாள அட்டையில் ‘முஹம்மது’, வங்கியில் ‘முகமட்’, பழைய பிறப்புப் பத்திரத்தில் ‘மொஹிதீன் பிச்சை’. ஓரிடத்தில் ‘பின்’ இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். ஆனால் பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால் பணம் போன வழியே திரும்பிவிடக்கூடும்.

மூன்றாவது முடிச்சு, குடும்பத் தலைவர் யார் என்பது. ஒரே வீட்டில் வாப்பாவும் உம்மாவும் கீழே, மணமான மகன் மேலே. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே கூரையில். ஒருவர் பெயரில் மனு ஏறியதும் மற்றவருடையது ஒரே வீட்டின் இரட்டை மனுவாகத் தெரிகிறது.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு ராத்தாவின் கதை இது. கணவரை இழந்தவர். தம்பி வீட்டின் பின்புற அறையில் இரண்டு பிள்ளைகளோடு தனியாகச் சமைத்து வாழ்ந்தவர். தம்பிக்குப் பணம் கிடைத்தது, ராத்தாவின் மனு நின்றுவிட்டது. அவர் அதோடு விட்டுவிட்டார். “அரசாங்கமே இல்லைன்னு சொல்லியாச்சு, இனி யாரைக் கேக்கிறது?” என்றார். எங்களில் இருவர் அவருடன் போய், ஏன் நின்றது என்று பணிவாகக் கேட்டோம். காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. கணவரின் இறப்புப் பத்திரம், பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் கடிதம், அக்கம்பக்கத்தார் இருவரின் சாட்சிக் கடிதம், சுவரில் தண்ணீர் ஏறிய கறை தெரியும்படி அவர் அறையின் படம். இவற்றோடு ஒரு பக்கத்தில் மேல்முறையீடு எழுதினோம். சில வாரங்கள் கழித்து அவர் கணக்கில் பணம் ஏறியது. அந்தப் பணத்தில் முதலில் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கினார்.

அன்று நாங்கள் கற்றது இதுதான்: முதலில் வரும் ‘இல்லை’ பல நேரம் மனிதரைப் பார்த்துச் சொல்லப்படுவதில்லை. காகிதத்தில் உள்ள குறையைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. அந்தக் குறையை நிரப்பினால் பதில் மாறக்கூடும்.

மேல்முறையீடு எழுதும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மலாய் மொழியில் ஒரு பக்கம் போதும். தலைப்பில் ‘ரயுவான்’ என்று தெளிவாக எழுதுங்கள். பெயரும் எண்ணும் மைகார்டில் உள்ளபடியே இருக்கட்டும். பிறகு எந்த வீடு, எந்தத் தேதியில் தண்ணீர் ஏறியது, எந்த உதவிக்கு எப்போது மனு செய்தோம், என்ன காரணம் சொன்னார்கள், அதற்கு நாம் இணைக்கும் ஆதாரம் எது என்று வரிசையாக எழுதுங்கள். நம் துயரம் உண்மைதான். ஆனால் அதிகாரி முடிவெடுக்க உதவுவது ஆதாரம். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். முகப்பில் இருப்பவரிடம் கோபம் வேண்டாம். அவர் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருக்கலாம்.

எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். நாங்கள் மாமு என்று அழைக்கும் பெரியவர் ஒருவர், நம் சங்கக் கட்டட நிதிக்கு அந்த நாளிலேயே அள்ளிக் கொடுத்தவர். அவர் வீட்டில் ஒரு சாமான் மிஞ்சவில்லை. பாரத்தை எடுத்துக்கொண்டு போனோம். “கொடுத்துப் பழகுன கை, தம்பி. இந்த வயசுலே என்னை வரிசையிலே நிக்கச் சொல்றியளா?” என்றார். அவர் மனம் நோகக் கூடாதென்று திரும்பி வந்துவிட்டோம். மறுபடியும் போகவில்லை. மனு செய்யும் காலம் முடிந்த பிறகு, அவர் தம் வேனை விற்று வீட்டுக்குச் சிமெண்டும் சாயமும் வாங்கினார் என்று கேள்விப்பட்டோம்.

நாங்கள் மறுபடியும் போயிருக்க வேண்டும். இது பிச்சை அல்ல மாமு, நாட்டின் குடிமகனுக்கு நாடு ஒதுக்கிய பங்கு என்று சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் நீங்கள் நிற்க வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒருவருடைய மானத்தைக் காப்பது என்பது அவரை அவர் பாட்டுக்கு விட்டுவிடுவது அல்ல என்பதை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்.

இதற்கு நேர்மாறான சோதனையும் வந்தது. தண்ணீர் ஏறாத வீட்டுக்கும் மனு எழுதித் தரும்படி ஓர் உறுப்பினர் கேட்டார். எல்லாரும் செய்கிறார்கள் என்றார். நாங்கள் மறுத்தோம். அவர் கோபித்துக்கொண்டார், இன்றும் அந்த வருத்தம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் நாம் எழுதித் தரும் ஒரு பொய் மனு, அடுத்து நாம் எடுத்துச் செல்லும் பத்து உண்மை மனுக்களின் மேல் சந்தேகத்தை விழச் செய்யும். நம் சங்கத்தின் சாட்சிக் கடிதத்துக்கு மதிப்பு இருக்கும்வரைதான் அந்த ராத்தாவைப் போன்றவர்களுக்கு நாம் பயன்படுவோம்.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. தமிழகத்திலிருந்து பெர்மிட்டில் வந்து நம் கடைகளில் வேலை செய்யும் தம்பிகள். வாங் இஹ்சான் குடிமக்களுக்கானது. கிடைக்காததைக் கிடைக்கும் என்று சொல்லி அவர்களை அலைய விடக் கூடாது. கடப்பிதழ் நனைந்து போனவர்களைக் காவல் நிலையத்துக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் அழைத்துப் போனோம். செலவை ஸதகா நிதியிலிருந்து கொடுத்தோம். அரசாங்கத்தின் வாசல் மூடியிருக்கும் இடத்தில்தான் நம் நிதிக்கு முதல் வேலை.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று நம் மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதத் தெரிந்தவர் அதை மறுக்கலாகாது என்பதும், தானே சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்பதும், சாட்சிகள் வேண்டும் என்பதும் அதில் வருகின்றன. வசனம் கடனைப் பற்றியதுதான். ஆனாலும் எழுத்தறிவு அல்லாஹ் கொடுத்தது, அதை இன்னொருவருடைய உரிமைக்காகச் செலவிட வேண்டும் என்ற பாடம் நம் எல்லாருக்கும் உரியது.

ஆகவே, இங்கு வந்திருக்கும் குடும்பங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறோம்.

ஒன்று: அடுத்த மழைக்காலத்துக்கு முன் மைகார்டு, பிறப்பு, நிக்காஹ் பத்திரங்கள், வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். மைகார்டு முகவரியையும் வங்கியில் உள்ள பெயரையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

இரண்டு: வீட்டைக் கழுவும் முன் படமெடுங்கள். தற்காலிக நிவாரண மையத்துக்குப் போனால் பெயரைக் கட்டாயம் பதியுங்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் ஊர்ப் பொறுப்பாளரிடம் தகவல் சொல்லுங்கள்.

மூன்று: மலாய் சரளமாக எழுதத் தெரிந்த நம் பிள்ளைகளை மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் எங்களிடம் அனுப்புங்கள். சோறு ஆக்க ஆள் இருக்கிறார்கள். பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பாரம் நிரப்பத்தான் ஆள் போதவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கிய முன்னோர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள். அதே வேலைதான் இது. கடிதம் போகும் விலாசம் மட்டும் மாறியிருக்கிறது.

அந்த முன்னோர்களுக்கு அல்லாஹ் மறுமையில் உயர்ந்த பதவியைத் தருவானாக. வெள்ளத்தில் உயிரிழந்த அனைவரின் குடும்பத்தாருக்கும் ஆறுதலைத் தருவானாக. நம் பேனாவையும் சாட்சியத்தையும் பொய்யிலிருந்து காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.