ஜப்பானியச் சித்திரத் தொடர்களும் நம் இல்லங்களும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்த சான்றோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். யாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தர் பணி ஏற்று, பேரேட்டோடும் முத்திரையோடும் காலம் கழித்து வருகிறோம். பேச அழைத்த செயலாளர், “உமக்கு நன்கு தெரிந்த பொருளைப் பற்றிப் பேசும்” என்று பணித்தார். அப்படிப்பட்ட பொருள் எம்மிடம் ஒன்றே உண்டு. சொன்னால் சிலர் நகைப்பீர்கள். அது ஜப்பான் நாட்டுச் சித்திரத் தொடர்கள். நம் பிள்ளைகள் ‘அனிமே’ என்று சொல்லுகிறார்களே, அதுதான். நாற்பது வயதைக் கடந்தும் யாம் அவற்றை ஆர்வத்தோடு பார்த்து வருகிறோம்.

இப்பழக்கம் தொற்றியது 1993ஆம் ஆண்டில். அப்பொழுது எமக்கு வயது பன்னிரண்டு. தாராவியில் ஒற்றை அறையில் எம் குடும்பம் குடியிருந்தது. எங்கள் சந்தில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் வீட்டு வாசலில் சிறு செருப்புகள் குவிந்துவிடும். தூர்தர்ஷனில் ‘ஜங்கிள் புக்’ ஓடும். குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த தொடக்கப் பாடல் ஒலித்ததும் சந்து முழுவதும் அடங்கிவிடும். நானா பாட்டேகரின் குரலில் ஷேர்கான் புலி உறுமும்போது, பின்வரிசைப் பிள்ளைகள் முன்வரிசையார் தோளைப் பற்றிக் கொள்வார்கள்.

பார்த்து முடித்து வீட்டுக்கு ஓடினால், அடுப்படியில் இருக்கும் அம்மா, “என்னடா ஆயிற்று இன்று?” என்று கேட்பார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. முழுக் கதையையும் யாம் தமிழில் சொல்வோம். பாலு என்னும் கரடிக்கு அம்மா ‘கரடியண்ணன்’ என்று பெயர் சூட்டியிருந்தார். “கரடியண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லையே?” என்று கவலையோடு கேட்பார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தொடரை இன்று பார்த்தாலும் எம் காதில் முதலில் விழுவது அவர் குரலே.

அது நம் நாட்டில் ஆக்கப்பட்ட தொடர் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம். நிப்பான் அனிமேஷன் என்னும் ஜப்பானிய நிறுவனம் 1989ஆம் ஆண்டில் தொடங்கி 52 பகுதிகளாக வெளியிட்டது அது என்று பின்னரே அறிந்தோம். மூலக்கதையை எழுதிய ருட்யார்டு கிப்ளிங் 1865ஆம் ஆண்டில் பிறந்தது இந்தப் பம்பாயில், அவர் தந்தை கற்பித்த சர் ஜே. ஜே. கலைப்பள்ளி வளாகத்தில். சத்திரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் அவ்வளாகம் வந்துவிடும். நாள்தோறும் அந்நிலையத்தில் இறங்கும் எமக்கு இது பெருவியப்பாயிற்று. பம்பாயில் பிறந்தவர் மத்தியப் பிரதேசத்துக் காட்டைப் பற்றி எழுதிய கதை, ஜப்பானில் சித்திரமாகி, இந்தி பேசித் தாராவிச் சந்துக்கு வந்து, எம் வீட்டு அடுப்படியில் தமிழாயிற்று!

இத்தொடர்கள் ஆக்கப்படும் முறையிலும் எம்போன்ற எழுத்தருக்கு ஒரு சுவை உண்டு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். 22 நிமிடக் கதைக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைவதென்றால் 31,680 ஓவியங்கள் வேண்டும். வாரந்தோறும் இதைச் செய்ய யாரால் முடியும்? ஒசாமு தெசுகா என்னும் ஓவியர் 1963 சனவரி முதல் நாள் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொணர்ந்தபோது சிக்கன வழியை மேற்கொண்டார். ஒரே ஓவியத்தை மூன்று முறை காட்டினால் நொடிக்கு 8 ஓவியங்கள் போதும். 31,680 என்பது 10,560 ஆகிவிடும். முகத்தை அசையாமல் நிறுத்தி வாயை மட்டும் அசைத்தால் இன்னும் குறையும். பணமும் ஆளும் குறைவாக இருந்த இடத்தில் கதையின் வலுவைக் கொண்டு ஈடுசெய்தார்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இவ்வித்தை புதிதன்று.

இனி, யாம் இன்று சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம்.

1968ஆம் ஆண்டில் ஜப்பானில் ‘கியோஜின் நோ ஹோஷி’ என்றொரு தொடர் வந்தது. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய கதை. தகப்பன் ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரன். போரில் ஏற்பட்ட காயத்தால் ஆட்டத்தை இழந்து கூலி வேலை செய்பவன். தான் அடையாததை மகன் அடைய வேண்டுமென்று சிறுவனை இரவும் பகலும் வாட்டுவான். கைகால்களை இறுக்கும் சுருள்வில் கவசத்தை அவனுக்கு மாட்டிவிடுவான். தம்பி படும் பாட்டைத் தமக்கை மறைந்து நின்று கண்ணீரோடு பார்ப்பாள். சினம் மிகுந்து தகப்பன் சாப்பாட்டு மேசையைக் கவிழ்க்கும் காட்சியை ஜப்பானியர் இன்றளவும் மறக்கவில்லை.

அக்கதையே கிரிக்கெட் கதையாக மாறி, ‘சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்’ என்னும் பெயரில் 2012 டிசம்பர் 23 முதல் கலர்ஸ் தொலைக்காட்சியில் வந்தது. கதை நிகழும் இடம் நம் மும்பை. நாயகன் ஏழைக் குடியிருப்புச் சிறுவன். சுருள்வில்லுக்குப் பதிலாக மிதிவண்டி டியூப்! எம் மகனுக்கு அப்பொழுது மழலை மாறவில்லை. அவனை மடியில் வைத்துக்கொண்டு, ‘பிள்ளையை இப்படியல்லவா வளர்க்க வேண்டும்’ என்று எண்ணினோம். வெட்கத்தோடு சொல்கிறோம்.

அம்மகன் இப்பொழுது பத்தாம் வகுப்பில் படிக்கிறான். எம்மைப் போலவே அவனுக்கும் இத்தொடர்களில் பித்து. கூடவே படம் வரைவதிலும் விருப்பம். சென்ற ஆண்டு ஒரு நாள் பணி முடிந்து, நின்றபடியே இரயிலில் வந்து, களைத்து வீட்டுக்குள் நுழைந்தோம். கணக்கில் அவன் பெற்ற மதிப்பெண் தெரிய வந்தது. பள்ளி நோட்டின் பின்பக்கங்களில் சித்திரங்கள். “இந்தப் பாழாய்ப்போன பொம்மைப் படந்தான் உன்னைக் கெடுத்தது” என்று கத்தி, எதிரே இருந்த சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டோம். தட்டு கவிழ்ந்தது. மகன் அழவில்லை. சிந்திய சோற்றை அள்ளிக்கொண்டே, “அப்பா, நீங்களும் அந்தத் தொடரில் வரும் அப்பாவாகவே ஆகிவிட்டீர்கள்” என்றான். அவன் தங்கை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. சித்திரம் வரைய எமக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. குடும்ப நிலை இடந்தரவில்லை. அந்த இழப்பை மறந்துவிட்டதாக எண்ணியிருந்தோம். மகன் மீது யாம் காட்டிய சினத்தில் பாதி அதிலிருந்து வந்தது என்று அன்றுதான் விளங்கிற்று.

மறுநாள் மாலை அவன் அருகில் அமர்ந்து, “நீ பார்ப்பதை எனக்கும் சொல்லு” என்றோம். அவன் சொல்லத் தொடங்கினான். நான்கு சொற்களுக்குள் தமிழ் தீர்ந்து இந்தி வந்துவிட்டது. சூழ்ச்சி, தியாகம், வஞ்சினம் எதற்கும் அவனிடம் தமிழ்ச் சொல் இல்லை. பிழை அவனுடையதா? கணக்கு மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் யாம் அவனிடம் தமிழில் கேட்டதில்லையே! எம் அம்மா எம்மிடம் கதை கேட்டார். எமக்குத் தமிழில் கதை சொல்ல வந்தது. யாம் எம் மகனிடம் கேட்கவில்லை.

அன்று முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கிறோம். சொல் கிடைக்காத இடத்தில் நாங்கள் தேடிக் கொடுக்கிறோம். எமக்கே தெரியாத இடமும் வரும். அப்பொழுது அகராதியைப் புரட்டுவோம். கணக்கு மதிப்பெண் சிறிதே கூடியிருக்கிறது. தட்டு மறுபடி கவிழவில்லை.

இத்தொடர்கள் எல்லாம் குற்றமற்றவை என்று சொல்ல வரவில்லை. சித்திரம் என்றாலே சிறுவர்க்குரியது என்பது நம் மயக்கம். குருதியும் கொலையும் மிகுந்த, வளர்ந்தோர்க்கென்றே ஆன தொடர்கள் பல உண்டு. நள்ளிரவு வரை கைப்பேசியில் பார்ப்பது கண்ணுக்கும் படிப்புக்கும் கேடு. பெற்றோர் அருகிருந்து பார்த்தாலன்றி எது தகும், எது தகாது என்று எவ்வாறு தெரியும்?

தமிழிலும் வழி பிறந்திருக்கிறது. யூகோ சாகோ என்னும் ஜப்பானியரின் முயற்சியால் 1992ஆம் ஆண்டில் உருவான இராமாயணச் சித்திரப்படத்தில், மும்பையின் சித்திரப்பட முன்னோடி ராம் மோகன் இயக்குநருள் ஒருவராகப் பங்குகொண்டார். அது 2025 சனவரியில் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது தமிழும் பேசிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படமும் தமிழில் வந்தது. நம் வீட்டில் தமிழ் ஒலி கிடைக்கும் தொடர்களுக்கேனும் அதைத் தேர்ந்து வைக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

இறுதியாக, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் கடைசிக் கால்மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். அவ்வாரம் தாம் பார்த்த தொடரின் கதையை ஒவ்வொருவரும் தமிழில் சொல்லட்டும். கேட்பதற்கு வீட்டுப் பாட்டிமார்களை அழைத்து வாருங்கள். “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று அவர்கள் கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை சொல்லும் ஆவலில் நம் பிள்ளைகளின் நாவில் தமிழ் தானே வந்து அமரும். முதல் வாரம் கதை சொல்ல எம் மகன் இசைந்திருக்கிறான்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!