நிற்பதும் நீங்குவதும்



இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் செவிலியர் கல்வி விரும்பும் நம் பெண்மக்களுக்கு இராணுவச் செவிலியர் பணியையும் நாம் எடுத்துரைத்தல் வேண்டும். அதில் சேரும் பெண் லெப்டினன்ட் என்னும் அதிகாரியாகவே பணி தொடங்குகிறாள். பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் நாட்டில் இஃது எளிய செய்தியன்று.

மதிப்பும் ஊதியமும் சிலரைப் பணியில் நிறுத்துகின்றன. இடமாற்றமும் குடும்பப் பிரிவும் சிலரை நீங்கச் செய்கின்றன. ஆயின், நீங்குவது முன்பு விருப்பத்தின்பாற்பட்டதாகவே இல்லை. 1977ஆம் ஆண்டு இராணுவ விதி, மணம் புரிந்த செவிலியரை விலக்க இடமளித்தது. லெப்டினன்ட் செலினா ஜான் 1988இல் அவ்வாறே விலக்கப்பட்டார். 1995இல் அவ்விதி கைவிடப்பட்டது. அவர் தளராது வழக்காடினார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அது பாலினப் பாகுபாடே எனக் கூறி, 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது.

அரசு கைவிட்ட விதியை நம் இல்லங்கள் கைவிட்டனவா? பரிசம் போடும் நாளிலேயே, "பெண் வேலையை விட்டுவிட வேண்டும்" என்பாரை நாம் கண்டுள்ளோம்; அதற்குத் தலையசைத்தோரும் நம்மிடையே உண்டு.

நிற்பதா, நீங்குவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவ்வுரிமையைக் காப்பதே இவ்வெள்ளி விழாவில் நாம் ஏற்கும் உறுதியாகுக.