'வேண்டாம்'னு சொன்னா மட்டும் பாடம் ஆகிடுமா?

(மாவட்ட ஐடி விங் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வின்னு பேச்செடுத்தாலே வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு வந்துடும்: "பிள்ளைங்களைக் கெடுக்காதீங்க, ஒழுக்கத்தை மட்டும் சொல்லிக் கொடுங்க!" அதுக்குப் பதில் சொல்ல இந்தத் தகவல்களைக் கையில வச்சுக்கோங்க.

அமெரிக்கா இதைச் செஞ்சே பார்த்துடுச்சு. 1996-ல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டப்படி, "திருமணம் வரை விலகி இரு" என்று மட்டும் சொல்லித்தரும் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர். ஒன்றிய அரசு 4 டாலர் தந்தால் மாநிலம் 3 டாலர் போடணும். கலிபோர்னியா அந்தப் பணத்தை வாங்கவே இல்லை.

பலன்? அந்நாட்டு நாடாளுமன்றமே கேட்ட ஆய்வு 2007-ல் வந்தது. 4 திட்டங்கள், 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். வகுப்புக்குப் போனவங்களுக்கும் போகாதவங்களுக்கும் நடத்தையில் வித்தியாசமே இல்லை! டெஸ்டிங்ல ஃபெயிலான திட்டம். ஆனாலும் நிதி நிற்கலை. 2018-ல் பெயரை மாத்தித் தொடர்ந்தாங்க.

நம்ம நாட்டிலும் இதே கதைதான். 2007-ல் மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகா போன்ற மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தடுத்தன. 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே வேண்டாம் என்றது.

இப்போ ஒரு கேள்வி. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 20-24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் முடிஞ்சிருக்கு. தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். கல்யாணமே பள்ளி வயசுல நடக்கும்போது "கல்யாணம் வரை பொறு" என்ற பாடம் அந்தப் பொண்ணை எதுல இருந்து காப்பாத்தும்?

விலகி இருன்னு சொல்றது தப்பில்லை. அதை மட்டுமே சொல்லி நிறுத்துறதுதான் தப்பு. தன் உடம்பைப் பத்திப் பேச வார்த்தையே இல்லாத குழந்தை, தொட்டவன் யாருன்னு எப்படிச் சொல்லும்? போக்சோ சட்டம் 2012-லிருந்து இருக்கு, 1098 என்ற எண்ணும் இருக்கு. வாயைத் திறக்கக் கத்துக்கொடுக்காம ரெண்டும் உதவாது.

கடைசியா ஒண்ணு. கமெண்ட்ல பயத்தோட கேக்கிற பெற்றோரைக் கிண்டல் பண்ணாதீங்க. அவங்க பயம் நியாயமானது. பொறுமையா விளக்குங்க.

படிங்க, பகிருங்க.