பிரேக் மிதிக்கையில் கார் நடுங்குவதேன்?



தோட்டத்துக் குடும்பம் ஒரு கார் வாங்குகிறதென்றால் அது பெரும்பாலும் இன்னொருவர் ஓட்டித் தீர்த்த புரோட்டோன் சாகாவாகவோ பெரோடுவா கன்சிலாகவோதான் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் அதில்தான். நடுச்சாமத்தில் வலி கண்டவர் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். அந்தக் கார் பிரேக்கை மிதித்ததும் வெடவெடவென நடுங்கினால் என்ன செய்வது? பட்டறைக்குப் போனால், "எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்று பெரிய தொகையாகச் சொல்லிவிடுவார்கள். ஆகவே, போகுமுன் நாமே சிலவற்றைப் பார்த்துக்கொள்வோம்.

நடுக்கம் திடீரென்று, பலமாகத் தொடங்கியதா? உடனே ஓரமாக நிறுத்திச் சக்கர நட்டுகளைப் பாருங்கள். தளர்ந்த நட்டு உயிருக்கே உலை வைக்கும்.

அடுத்து, பிரேக்கைத் தொடாமலேயே 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடுகிறதா? அப்படியானால் குறை பெரும்பாலும் சக்கரத்தின் சமநிலையில் இருக்கிறது. இதற்குத் தோட்டத்துக் கார்களுக்கென்றே ஒரு காரணம் உண்டு. மழைக்குப் பின் செம்மண் சடக்கில் ஓடினால் ரிம்மின் உட்புறத்தில் சேறு அப்பிக் காய்ந்துவிடும். அதைச் சுரண்டிக் கழுவினாலே நடுக்கம் போய்விடக்கூடும். காசு செலவில்லை.

பிரேக் மிதித்தால் மட்டும்தான் நடுக்கம் என்றால், அதை எங்கே உணர்கிறீர்கள்? ஸ்டீயரிங் கைக்குள் ஆடினால் முன்சக்கர டிஸ்க். ஸ்டீயரிங் அமைதியாயிருந்து இருக்கை துடித்தால் பின்பக்கத்து டிரம். ஏபிஎஸ் உள்ள புதிய கார்களில், வழுக்கும் சாலையில் பலமாக மிதிக்கும்போது பெடல் படபடப்பது இயல்பு. அப்போது காலை எடுத்துவிடக் கூடாது.

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார் போர்மன். அந்தக் கனத்த இரும்புத் தகடு அப்பளம்போல் நெளிவது அபூர்வம். பெரும்பாலும் அதன் கனம்தான் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் போயிருக்கும். தலைமுடியின் பருமனில் பாதிகூட வராத வேறுபாடே கையை நடுங்க வைக்கப் போதும்.

இது எப்படி நேர்கிறது? தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் டிஸ்க் கொதிக்கும். கீழே வந்து, பெடலை அழுத்தியபடியே நின்றால், சூடேறிய பேடின் பொருள் டிஸ்க்கில் அந்த ஓரிடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் கியரில் இறங்கினால் பாதி வேலையை இன்ஜின் செய்துவிடும். ஆட்டோ கியர் கார்களிலும் அதற்கான தாழ்ந்த கியர் உண்டு. பலர் அதைத் தொடுவதே இல்லை.

இன்னொரு காரணத்தை யாரும் நினைப்பதில்லை. டயர் மாற்றும்போது காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை ஒரே மூச்சில் இறுக்கிவிடுகிறார்கள். இறுக்கம் ஏறுமாறாக இருந்தாலோ, டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே துரு இருந்தாலோ, டிஸ்க் மயிரிழை கோணலாக அமரும். சுற்றுக்குச் சுற்று ஒரே இடம் பேடில் உரசித் தேயும். சில மாதம் கழித்து நடுக்கம் தொடங்கும்போது டயர் கடை யார் நினைவுக்கு வரும்? நட்டுகளை எதிரெதிராக, கைச்சாவியால் இறுக்கச் சொல்லுங்கள். சிறிய கார்களுக்கு அளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும். சரியான எண் காரின் கையேட்டில் உண்டு.

பட்டறையில் டிஸ்க்கை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த அளவுக்குத் தேயலாம் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் கனம் இருந்தால் கடைசல் பிடித்துச் சமப்படுத்தலாம். இல்லையேல் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஹப்பின் துருவைத் துடைக்காமல் புது டிஸ்க் போடுவதும், பழுதான டிஸ்க்கில் புது பேடு மட்டும் போடுவதும் வீண் செலவு. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் காலிப்பர் சிக்கியிருக்கலாம், அதையும் சொல்லுங்கள். புதிதாகப் போட்ட பின், வெறிச்சோடிய சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, நின்றுவிடாமல், பத்துத் தடவை இதமாகப் பிரேக் பிடித்துப் பழக்குங்கள்.

நடுக்கத்தோடு இரும்பு உரசும் சத்தம் கேட்டாலும், கார் ஒரு பக்கம் இழுத்தாலும், பெடல் தரைவரை இறங்கினாலும் அந்தக் காரை எடுக்க வேண்டாம்.

வீட்டு வாசலிலேயே டிரம்மைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு சொல். பழைய பிரேக் கட்டைகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். உள்ளிருக்கும் தூளை ஊதாதீர்கள்; ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகள் அருகில் நிற்க வேண்டாம்.