உண்ணும் இடம் சொல்லும் உதவி

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)



அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் ஆதிபகவனுக்குக் கரும்புச் சாறு அளித்த நாள் இது. அதற்குமுன் பகவன் சென்ற ஊர்களில் எல்லாம் மக்கள் பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து நின்றார்கள். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. துறவிக்கு எதை, எவ்வாறு அளிப்பது என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அதை அறிந்து அளித்ததால்தான் சிரேயாம்சன் முதற்கொடையாளன் எனப் போற்றப்படுகிறான்.

அந்த அறிவு நம் அன்றாட வாழ்விலும் வேண்டப்படுகிறது. வந்தவாசிப் பக்கத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் நம் பிள்ளைகள் படிப்புக்கும் பணிக்கும் சென்னைக்கு வருகிறார்கள். “எங்கே சாப்பிடலாம்?” என்று உறவினரைக் கேட்கிறார்கள். “அது சுத்த சைவ ஓட்டல், தயங்காமல் போ” என்று நாமும் சொல்லி அனுப்புகிறோம். நம் நெறிக்கு அந்தப் பலகை மட்டும் போதாது. சாம்பாரில் சின்ன வெங்காயம் இருக்கும். குருமாவில் பூண்டும் உருளைக்கிழங்கும் இருக்கும். பல கடைகளில் தோசைக்கல்லையே பாதி வெங்காயத்தால் தேய்க்கிறார்கள். அடுமனைப் பண்டங்களில் முட்டையும், சில பழக்கலவைகளில் தேனும் சேர்கின்றன.

ஆகவே கடையின் பெயரோடு உண்ணத்தக்க பண்டத்தின் பெயரையும் சொல்லுங்கள். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் பெரும்பாலும் நமக்கு ஏற்றவை. சட்னியில் வெங்காயம் உண்டா என்று ஒரு சொல் கேட்டுக்கொண்டால் போதும். வெண்பொங்கலிலும் தயிர்ச்சோற்றிலும் பச்சை இஞ்சி சேர்ப்பார்கள். கிழங்கு விலக்குவோர் அதைக் கேட்டறிய வேண்டும். திருப்பருத்திக்குன்றத்துக்கு வழிபடச் செல்வோர்க்குக் காஞ்சிபுரம் இட்லி நல்ல உணவு. அதன் சுவை மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் ஆகியவற்றால் வருவது. தெருவோரக் கரும்புச் சாற்றிலும் இஞ்சி வைத்துப் பிழிவதுண்டு. வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிட வேண்டும்.

சென்னை சௌகார்பேட்டையில் இந்த விளக்கம் அவ்வளவு தேவைப்படாது. தங்கசாலைத் தெருவை ஒட்டிய கடைகளில் “ஜெயின்” என்று ஒரு சொல் சொன்னால் வெங்காயம், பூண்டு, கிழங்கு நீக்கித் தருவோர் பலர். பாவ் பாஜியில் உருளைக்கிழங்குக்கு மாற்றாக வாழைக்காய் இடுவார்கள். ஆயினும் அத்தெருக்கள் களைகட்டுவது விளக்கேற்றிய பிறகு. இரவுண்ணாமை காப்பவர்க்குப் பண்டம் பொருந்தினும் பொழுது பொருந்தாது.

எனவே நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்னையில் கார்த்திகை மாதத்தில் 5.40 மணியளவிலேயே கதிரவன் மறைகிறான். ஆனி மாதத்தில் 6.35 மணி ஆகும். ஓட்டல்களில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் 7 மணிக்குமேல்தான். ஆனால் பிற்பகலிலேயே சிற்றுண்டி கிடைக்கும் கடைகள் உண்டு. எந்தக் கடையில் 5 மணிக்குச் சூடான இட்லி கிடைக்கும் என்று ஒரு மாணவனுக்குச் சொல்பவர், அவன் விரதத்துக்குத் துணை நிற்கிறார். வீட்டைவிட்டுச் சென்ற பிள்ளைகளிடம் முதலில் நழுவுவது இரவுண்ணாமைதான். பசியோடு நிற்பவனைக் கடிந்துகொள்வதால் அது திரும்பாது. பொழுதோடு உண்ண ஓர் இடம் காட்டினால் திரும்பக்கூடும்.

அறையில் சமைப்போர்க்குச் சந்தையைச் சொல்லுங்கள். கொத்தவால் சாவடியில் நடந்த மொத்தக் காய்கறி வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. நண்பர் நால்வர் சேர்ந்து வாங்கினால் அங்கே செலவு குறையும். ஊர்ப்புறங்களில் 1999இல் தொடங்கிய உழவர் சந்தைகள் உள்ளன. காலையிலேயே சென்றால் அவரை, புடலை, பீர்க்கு, கொத்தவரை எல்லாம் வாடாமல் கிடைக்கும்.

அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். நம் அலுவலகத்தில் ஓர் ஏடு வைப்போம். உண்டு அறிந்தவர்கள் கடை, பண்டம், உண்ட நேரம், கேட்டு நீக்க வேண்டிய பொருள், உண்ட நாள் ஆகிய ஐந்தையும் அதில் எழுதட்டும். சமையற்காரர் மாறினால் பக்குவமும் மாறும். ஆதலால் நாள் குறிப்பது இன்றியமையாதது. கேள்விப்பட்டதை எழுத வேண்டா. உண்டதை மட்டும் எழுதுவோம். புதிதாக ஊருக்கு வரும் பிள்ளையின் கையில் முதலில் அந்த ஏட்டைக் கொடுப்போம்.